அறிவு குறைவில்லை, நேரம்தான் குறைவு

உயர்தரப் பெறுபேறு வெளிவந்த அன்று எங்கள் வீடு மையித்து வீடு போலக் கிடந்தது. உயிரியலில் ஏ, இரசாயனவியலிலும் பௌதிகவியலிலும் பீ. மூன்று பாடங்களும் சித்திதான். ஆனாலும் மருத்துவ பீடத்துக்கு என் இசட் புள்ளி எட்டாது என்பது பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. உம்மா குசினிக்குள் போய் அழுதார். அஸருக்குப் பிறகு வெளியே போன வாப்பா இஷா முடிந்துதான் வீடு திரும்பினார். மாமி தொலைபேசியில் என்னிடமே சொன்னார்: "பரவாயில்ல மகள், இன்னொரு தடவ எடுங்க. டொக்டராகாம உயிரியல் படிச்சி என்னத்துக்கு?"

மாமி மீது எனக்குக் கோபமில்லை. நம் ஊரில் எல்லோர் மனத்திலும் இருக்கும் கேள்வியைத்தான் அவர் வாய்விட்டுக் கேட்டார். மகள் உயிரியல் பிரிவில் படிக்கிறாள் என்றால் டொக்டராகப் போகிறாள் என்று பொருள். டொக்டராகவில்லை என்றால் தோற்றுப்போனாள் என்று பொருள். இடையில் வேறொன்றும் கிடையாது. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்று பேராதனையில் விஞ்ஞான பீடத்து இரண்டாம் ஆண்டு மாணவியாக, நான் படித்த கல்லூரியின் சஞ்சிகையிலேயே அதற்குப் பதில் எழுத முனைகிறேன். தங்கைமாரும் அவர்களுடைய பெற்றோரும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பெறுபேறு வந்து நாலாம் நாள் எங்கள் உயிரியல் ஆசிரியையைப் பார்க்கப் போனேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஒரு தாளில் ஒரு பெயரை எழுதித் தந்து, "கவலப்படுறத்துக்கு முன்னுக்கு இவட கதய வாசிச்சுப் பாருங்க" என்றார். கிறிஸ்டியானே நியூஸ்லைன் ஃபோல்ஹார்ட் என்பது அந்தப் பெயர். அவர் ஜேர்மனியைச் சேர்ந்த ஒரு மூலக்கூற்று உயிரியலாளர்.

அவர் 1942 ஒக்டோபர் 20ஆம் திகதி, உலக யுத்தத்தின் நடுவே, மாக்டபேர்க் நகரில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் இரண்டாமவர். தந்தை கட்டடக் கலைஞர். வளர்ந்தது பிராங்பேர்ட்டில். 12 வயதாகும்போதே உயிரியல்தான் படிப்பேன் என்று முடிவு செய்துவிட்டார். வீட்டில் வேறெவருக்கும் விஞ்ஞானத்தில் அவ்வளவு நாட்டம் இருக்கவில்லை. ஆயினும் பெற்றோர் அவருக்கு வேண்டிய புத்தகங்களைத் தேடிக் கொடுத்தார்கள். பாடசாலையில் அவர் முதல் மாணவி அல்லர். மனம் ஒன்றாத பாடங்களுக்கு வீட்டுவேலை செய்யமாட்டார். இறுதிப் பரீட்சையில் ஆங்கிலத்தில் தவறாமல் தப்பியதே பெரிய காரியம். மொத்தப் பெறுபேறு நடுத்தரம்.

அடுத்த பகுதியை வாசித்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மருத்துவம் படிக்கலாமா என்ற எண்ணம் அவருக்கும் வந்திருக்கிறது. உடனே விண்ணப்பிக்காமல், ஒரு மாதம் வைத்தியசாலையில் தாதிப் பயிற்சிக்குப் போனார். மாத முடிவில், இது எனக்குரிய தொழில் அல்ல என்று தெளிந்து திரும்பினார். நாம் எத்தனை பேர் இப்படிப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறோம்? வைத்தியசாலை வார்ட்டில் ஒரு நாள்கூட நில்லாமலேதான் தரம் 6இலிருந்து "நான் டொக்டராவேன்" என்று எழுதி வருகிறோம்.

பிராங்பேர்ட்டில் உயிரியல் படிக்கத் தொடங்கியவர், 1964இல் டியூபிங்கன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். உயிர்இரசாயனம் என்ற புதிய பட்டப்படிப்பு அங்கே அப்போதுதான் ஆரம்பமாகியிருந்தது. 1973இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். டி.என்.ஏயை வாசித்து ஆர்.என்.ஏயாகப் பிரதி எடுக்கும் நொதியம், நீண்ட டி.என்.ஏ இழையில் எந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது என்பதே அவருடைய ஆய்வு. சுருங்கச் சொன்னால், ஒரு பரம்பரையலகை வாசிக்கும் வேலை எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். நம் கண்ணிலுள்ள கலத்திலும் ஈரலிலுள்ள கலத்திலும் இருப்பது ஒரே டி.என்.ஏதான். அப்படியானால் கண் ஏன் ஈரலாகவில்லை? எல்லா வீட்டிலும் ஒரே சமையல் புத்தகம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நோன்பு நாளில் கஞ்சிப் பக்கம் திறக்கும். பெருநாளில் வட்டிலப்பத்தின் பக்கம் திறக்கும். புத்தகம் மாறுவதில்லை, திறக்கும் பக்கம்தான் மாறுகிறது. எந்தக் கலத்தில், எந்த நேரத்தில், எந்தப் பரம்பரையலகு திறக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ஏற்பாட்டையே பரம்பரையலகுக் கட்டுப்பாடு என்கிறோம். கிறிஸ்டியானே தம் வாழ்நாளைச் செலவிட்டது இந்த ஏற்பாட்டை அறியத்தான்.

அதற்கு அவர் தேர்ந்துகொண்டது நம் வீட்டு வாழைப்பழத்தில் மொய்க்கும் பழ ஈ. முட்டையிட்டு ஒரு நாளில் குடம்பி வந்துவிடும். பத்து நாளளவில் அடுத்த தலைமுறை ஈ பறக்கும். 1978இல் ஹைடெல்பேர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தில் அவருக்கும் எரிக் வீஷவுஸ் என்ற அமெரிக்கருக்கும் வேலை கிடைத்தது. இருவருக்கும் சேர்த்து ஒரு சிறிய ஆய்வறை. ஆண் ஈக்களுக்குச் சீனித் தண்ணீரில் ஓர் இரசாயனத்தைக் கலந்து கொடுத்து, அவற்றின் பரம்பரையலகுகளில் விகாரங்களை உண்டாக்கினார்கள். பிறகு அந்த ஈக்களின் சந்ததிகளை ஆயிரக்கணக்கில் தனித்தனியாக வளர்த்து, குடம்பியாக வெளிவராமல் செத்துப்போன முளையங்களை ஒவ்வொன்றாக நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். இருவர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நுணுக்குக்காட்டி அது. எதிரெதிரே உட்கார்ந்து ஒரே முளையத்தைப் பார்த்து, என்ன குறைகிறது என்று விவாதிப்பார்கள்.

சிலவற்றில் உடலின் நடுப்பகுதி முழுவதும் இல்லை. சிலவற்றில் ஒன்றுவிட்டு ஒரு துண்டம் இல்லை. சிலவற்றில் ஒவ்வொரு துண்டத்திலும் பாதி இல்லை. அந்தக் குறைகளை வகைப்படுத்தியபோது, முட்டை முதலில் பெரும் பகுதிகளாகவும், பிறகு இரட்டை இரட்டையாகவும், பிறகு ஒவ்வொரு துண்டமாகவும் பிரிக்கப்படுகிறது என்ற ஒழுங்கு வெளிப்பட்டது. துண்டங்களின் அமைப்பைத் தீர்மானிக்கும் 15 பரம்பரையலகுகளைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1980இல் நேச்சர் சஞ்சிகையில் வெளிவந்தது.

அதன் பின் டியூபிங்கனில் அவர் செய்த வேலைதான் என்னை மிகவும் கவர்ந்தது. ஈயின் முட்டையில் தலை எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதை யார் சொல்வது? பைகொய்ட் என்ற பரம்பரையலகு. தாய் ஈ முட்டையை உருவாக்கும்போதே அந்தப் பரம்பரையலகின் ஆர்.என்.ஏ பிரதியை முட்டையின் ஒரு முனையில் வைத்துவிடுகிறது. முட்டை இட்ட பின் அதிலிருந்து புரதம் உண்டாகி மறுமுனையை நோக்கிப் பரவுகிறது. முன்பக்கத்தில் செறிவு அதிகம், போகப்போகக் குறைவு. இந்தப் புரதம் டி.என்.ஏயில் ஒட்டி மற்றப் பரம்பரையலகுகளைத் திறக்கிறது. செறிவு கூடிய இடத்தில் தலைக்குரியவையும், அதற்கு அடுத்து நெஞ்சறைக்குரியவையும் திறக்கின்றன. 1988இல் வொல்ஃப்காங் ட்ரீவர் என்ற தம் மாணவரோடு சேர்ந்து இதை அவர் நிறுவினார்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் இதில் இருக்கிறது. தாயிடம் பைகொய்ட் பழுதாகியிருந்தால், தந்தையிடமிருந்து முளையத்துக்கு நல்ல பிரதி கிடைத்திருந்தாலும் பயனில்லை. அந்த முளையத்துக்குத் தலை வராது. தேவையான நேரத்தில், தேவையான இடத்தில், தாய் வைத்த செய்தி இருக்கவேண்டும். மனிதப் பிள்ளைகள் ஈ முட்டைகள் அல்ல; அந்த ஒப்புமையை நான் நீட்டப்போவதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பிள்ளைக்குத் திறமை இருந்தால் மட்டும் போதும், அது எப்படியும் வெளியே வந்துவிடும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அது உண்மைதானா?

1995இல் கிறிஸ்டியானேக்கும் வீஷவுஸுக்கும் எட்வேர்ட் லூயிஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எந்தத் துறைக்கு என்று மாமி அறிந்தால் ஆச்சரியப்படுவார். உடற்றொழிலியல் அல்லது மருத்துவத்துக்கான நோபல் பரிசு! ஒரு மாதத்தில் வைத்தியசாலையை விட்டு வந்த பெண், வைத்தியராகாமலேயே மருத்துவத்தின் மிக உயர்ந்த பரிசைப் பெற்றார்.

அது வெறும் மரியாதைப் பரிசும் அல்ல. 1980இல் வெளியான அந்த 15 பெயர்களில் ஒன்று ஹெட்ஜ்ஹொக், அதாவது முள்ளெலி. அது பழுதான குடம்பியின் உடலில் முட்கள் நெருக்கமாக இருந்ததால் அந்தப் பெயர். அதே குடும்பத்துப் பரம்பரையலகுகள் மனிதரிடமும் உண்டு என்றும், கருவில் மூளையும் கைவிரல்களும் ஒழுங்காக அமைய அவை தேவை என்றும் பின்னர் தெரியவந்தது. மூடியிருக்க வேண்டிய நேரத்தில் அந்தத் தொடர் திறந்தே கிடந்தால் ஒருவகைத் தோல் புற்றுநோய் உண்டாகிறது. அந்தத் தொடரை மூடும் விஸ்மோடெகிப் என்ற மருந்து 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டொக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்துக்குப் பின்னால், ஈயின் முட்டையை நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் இருக்கிறார். "டொக்டராகாம உயிரியல் படிச்சி என்னத்துக்கு" என்ற கேள்விக்கு இது முதலாவது பதில்.

மருத்துவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊருக்குப் பெண் வைத்தியர்கள் இன்னும் வேண்டும். அந்த ஆசையோடு படிக்கும் தங்கை அதையே படிக்கட்டும். ஆசை இல்லாதவளையும் அந்த ஒரே கதவின் முன் இரண்டு மூன்று வருடம் நிறுத்தி வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். நம் நாட்டிலேயே பேராதனை விஞ்ஞான பீடத்தில் மூலக்கூற்று உயிரியலுக்கும் உயிர்த்தொழினுட்பத்துக்கும் தனித் துறை உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் இத்துறைகளுக்கென ஒரு நிறுவகம் இருக்கிறது. இவை தோற்றவர்கள் போய் ஒதுங்கும் இடங்கள் அல்ல.

இரண்டாவது பதில்தான் எழுதச் சங்கடமானது. ஏனெனில் அது என் வீட்டைப் பற்றியது.

பரிசு பெற்ற பின் கிறிஸ்டியானே செய்த காரியங்களில் ஒன்று, 2004இல் தம் பெயரில் ஒரு நிதியத்தைத் தொடங்கியது. பிள்ளைகள் உள்ள இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு அது மாதந்தோறும் பணம் கொடுக்கிறது. நுணுக்குக்காட்டி வாங்கவோ மாநாட்டுக்குப் போகவோ அல்ல. வீட்டு வேலைக்கு ஆள் வைக்கவும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கவும், உடுப்புக் கழுவும் இயந்திரம் போன்றவை வாங்கவும். முதன்முதல் வாசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நோபல் பரிசு பெற்றவர் கவலைப்படும் விடயமா இது? பிறகு யோசித்தேன். நல்ல மாணவிகள் ஏன் பாதியில் நின்றுபோகிறார்கள் என்று அவர் பார்த்திருக்கிறார். அவர்களுக்கு அறிவு குறையவில்லை, நேரம்தான் குறைந்தது. அதனால் அவர் நேரத்தை வாங்கிக் கொடுத்தார்.

ஐரோப்பாவில் பெண்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை என்று நாம் நினைப்பது தவறு. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாயைப் பழிக்க ஜேர்மன் மொழியில் தனிச்சொல்லே இருக்கிறது. அண்டங்காக்கைத் தாய் என்று அதற்குப் பொருள். அயல்வீட்டு வாய் எங்கேயும் ஒன்றுதான்.

கிறிஸ்டியானே சமையலை வெறுத்தவர் என்றும் எண்ணவேண்டாம். 2006இல் அவர் ஒரு சமையல் புத்தகமே எழுதி வெளியிட்டார். சமைப்பது இழிவு என்பது அவர் கட்சியல்ல. என் கட்சியும் அல்ல. சமையல் முழுவதும் ஒருத்தியின் தலையில் விழுவதுதான் பிரச்சினை.

இனி என் வீட்டுக் கதை. நானாவும் நானும் ஒன்றரை வருட வித்தியாசத்தில் உயர்தரம் படித்தோம். ரியூஷன் முடிந்து வந்தால் நானா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் குசினிக்குள் போவேன். தேத்தண்ணி ஊற்ற, கோப்பை கழுவ, ராவைக்குத் தேங்காய் திருவ, தம்பியின் உடுப்பை மடிக்க. யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. "மகள், இத ஒருக்கா செஞ்சிட்டுப் போங்க" என்று உம்மா அன்பாகத்தான் சொல்வார். அந்த "ஒருக்கா"க்களைப் பெறுபேறு வந்த பிறகு ஒருநாள் கணக்குப் பார்த்தேன். குறைத்துப் பார்த்தாலும் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம். இரண்டு வருடத்துக்கு 1,460 மணித்தியாலம். நாளுக்கு எட்டு மணித்தியாலம் படிப்பதாக வைத்தால், ஆறு மாதப் படிப்பு. பௌதிகவியலில் எனக்கு பீ வந்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். நானாவைவிட எனக்கு ஆறு மாதம் குறைவாகக் கிடைத்தது என்று மட்டும் சொல்வேன்.

இதை எழுதும்போது ஒரு கேள்வி என்னையே உறுத்துகிறது. அந்த வேலையை நான் செய்யாவிட்டால் யார் செய்வது? உம்மாதானே? சுபஹுக்கு முதல் எழும்பி எல்லோரும் படுத்த பிறகு படுக்கும் உம்மாவின் தலையில் இன்னும் இரண்டு மணித்தியாலத்தைக் கட்டிவிட்டு நான் விஞ்ஞானியாவதில் என்ன நியாயம்? நியாயமே இல்லை. மகளின் நேரத்தைத் தாயிடமிருந்து பிடுங்கிக் கொடுப்பது தீர்வல்ல. வீட்டில் கைகள் பல இருக்கின்றன. அவற்றில் சில மட்டுமே வேலை செய்கின்றன. அதுதான் மாறவேண்டும்.

அந்தக் கணக்கை ஒரு கொப்பித் தாளில் எழுதி வாப்பாவிடம் காட்டினேன். ஏசுவார் என்று பயந்தேன். வாப்பா கடை நடத்துபவர். கணக்கென்றால் இரண்டு தரம் பார்ப்பார். பார்த்தார். "இது உம்மாக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டார். நான் அதைக் கணக்குப் பார்த்திருக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு வாப்பா தன் கோப்பையைத் தானே கழுவி வைத்தார். அடுத்த நாள் நானாவுக்கும் சொல்லப்பட்டது. எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். நானா இன்னும் முணுமுணுக்கிறார். ஆனால் இப்போது உயர்தரம் படிக்கும் தங்கச்சிக்கு மஃரிபுக்குப் பிறகு குசினி வேலை இல்லை. அந்த நேரம் அவளுடையது. இரண்டாம் தடவை எழுதாமல் பேராதனைக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோதும், உம்மாவிடம் எனக்காகப் பேசியவர் வாப்பாதான்.

அதனால் பெற்றோரிடம் என் முதல் வேண்டுகோள் இது. ரியூஷனுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறீர்கள். அதற்கு முதல், ஒரு கிழமை மட்டும், மகள் எத்தனை மணித்தியாலம் எந்த வேலையில் இருக்கிறாள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மகனுக்கும் எழுதுங்கள். பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியது ஒன்றும் இருக்காது.

பழைய மாணவிகள் சங்கத்துக்கும் ஒரு யோசனை. நாம் ஒவ்வொரு வருடமும் பணம் சேர்த்துப் பரிசுக் கிண்ணங்களும் ஒலிபெருக்கியும் வாங்கிக் கொடுக்கிறோம். அவை தேவைதான். கூடவே ஒரு சிறு நிதியையும் ஒதுக்கலாம். திருமணமாகிப் பிள்ளை பெற்ற பின்னும் பட்டப்படிப்பைத் தொடரும் பழைய மாணவி ஒருத்திக்கு, பரீட்சைக் காலத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க அது உதவட்டும். பெரிய தொகை வேண்டியதில்லை. ஆறு கிழமை போதும். ஒரு பட்டம் பாதியில் நிற்காமலிருக்க ஆறு கிழமைதான் தேவைப்படுகிறது என்பதை நான் பல்கலைக்கழகத்தில் என் கண்ணால் பார்க்கிறேன்.

தங்கைமாரே, உங்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பெறுபேறு வரும் நாளில் உங்கள் வீடும் மௌனமாகலாம். அன்று உங்களுக்குள் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே டி.என்.ஏ எப்படிக் கண்ணாகவும் ஈரலாகவும் ஆகிறது என்பது போன்ற, விடை தெரியாவிட்டால் நித்திரை வராத ஒரு கேள்வி. அது இருந்தால் நீங்கள் தோற்கவில்லை.

போன விடுமுறையில் மாமி வீட்டுக்கு வந்திருந்தார். பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சமையல் புத்தகம், நோன்புக் கஞ்சி, ஈ முட்டை எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "அப்ப எங்கட சுகர் வருத்தத்துக்கும் இப்படி ஏதும் மூடித் திறக்கிறது இருக்குமா மகள்?" என்றார்.

இருக்கிறது மாமி. அதைத்தான் படிக்கப் போகிறேன்.